பழைய காம்போ ஆர்கனும் ஒரு கோடு போட்ட நோட்டும்

(பாடற்குழுவினர் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



காம்போ ஆர்கன் என்றதும் உங்களில் பலருக்குச் சினிமாப் பாட்டுத்தான் நினைவுக்கு வரும். தவறில்லை. 1976-ல் 'அன்னக்கிளி'க்கு இசையமைக்கும் முன்பு, பிறருடைய குழுக்களில் கிதாரும் ஆர்கனும் வாசித்தவர்தான் இளையராஜா. கருவியின் பிறப்பிடமோ ஐரோப்பா. இங்கிலாந்தில் 1962-ல் வாக்ஸ் கான்டினென்டல் வந்தது; இரண்டாண்டு கழித்து இத்தாலியிலிருந்து ஃபர்ஃபிசா காம்பாக்ட். ஃபர்ஃபிசாக்காரர்கள் அக்கார்டியன் செய்து பழகிய கைகள். 1963-ல் வெளியான வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு, குழல் ஆர்கனைப் போற்றியதோடு தகுதியான மற்றக் கருவிகளுக்கும் வழிவிட்டது. துருத்தி மிதிக்கும் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் இதுவும் வந்து அமர்ந்தது அதன் பிறகுதான்.

நிற்க. இப்போது சிலர், "சாமி, கீபோர்டு ஒன்று வாங்கிக்கொண்டு இதைக் காயலான் கடைக்குப் போட்டுவிடலாம்" என்கிறார்கள். கீபோர்டு வாங்குவதை நான் தடுக்கவில்லை. ஆனால் ஆறு கட்டை பேசவில்லை என்பதற்காக அறுபத்தொரு கட்டையையும் எடைக்குப் போடுவது கணக்காகாது.

ஆர்மோனியத்தில் கட்டைக்குக் கட்டை பித்தளை நாக்கு உண்டு. இதில் அப்படியில்லை. மேல் ஸ்தாயியின் 12 சுரங்களுக்கு 12 ஆசிலேட்டர்கள், அவ்வளவே. கீழ் ஸ்தாயிகளெல்லாம் அவற்றைப் பாதி பாதியாக வகுத்துப் பெறுபவை. 880, 440, 220, 110 என்று இறங்கும். ஒவ்வொரு வகுத்தலுக்கும் இரண்டு டிரான்சிஸ்டர்கள் போதும். ஒன்று விழித்தால் மற்றது தூங்கும். இரண்டு துடிப்பு உள்ளே போனால் ஒன்று வெளியே வரும்.

இது புரிந்தால் நோயைக் காதாலேயே பாதி கண்டுபிடிக்கலாம். 'சி' சுரம் எல்லா ஸ்தாயியிலும் ஊமையா? அதன் ஆசிலேட்டரைப் பாருங்கள். மேலே பேசி, ஓரிடத்துக்குக் கீழே பேசவில்லையா? அந்த இடத்து வகுப்பிதான். ஒரே ஒரு கட்டை மட்டுமா? அடியிலுள்ள காண்டாக்ட். நம் அரியலூர்ப் பக்கத்தில் சுண்ணாம்புக்கல் லாரியும் சிமெண்டுத் தூசும் இருக்கையில் காண்டாக்ட் அழுக்காவதைக் கேட்கவா வேண்டும்! தயவுசெய்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள்; முலாம் போய்விடும். ஆர்கன் முழுவதும் உறுமினால், பவர் சப்ளையிலுள்ள பெரிய கண்டென்சர்கள் உலர்ந்திருக்கும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. பழுது பார்ப்பதற்கு முன் படம் வரையுங்கள். வேறொரு ஊரில் ஒரு மெக்கானிக் வயர்களைக் கழற்றிப் போட்டுவிட்டு, பிறகு வரவேயில்லை. எது எங்கே இருந்தது என்று ஒரு துண்டுத் தாளிலும் குறிப்பில்லை. ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர் 1732-லேயே சதுரகராதி தொகுத்துச் சொற்களை வரிசைப்படுத்தினார்; நமக்கு நாற்பது வயர்களின் நிறத்தை எழுதிவைக்க ஏன் சோம்பல்?

கம்பெனியின் சர்க்யூட் படம் கிடைக்கவில்லை என்று கலங்க வேண்டாம். 12 போர்டுகளும் ஏறக்குறைய ஒரே அச்சு. சுருதியை நிர்ணயிக்கும் காயிலும் கண்டென்சரும்தான் மாறும். நன்றாகப் பேசும் போர்டில் ஒவ்வொரு டிரான்சிஸ்டர் காலிலும் எத்தனை வோல்ட் என்று மல்டிமீட்டரால் அளந்து எழுதினால், அதுவே கெட்ட போர்டுக்கு வாத்தியார். அளவு எங்கே பிசகுகிறதோ அங்கே நோய். பழைய ஜெர்மானியம் டிரான்சிஸ்டருக்குப் பதில் சிலிக்கனை அப்படியே மாட்டிவிடக் கூடாது. முன்னது 0.2 வோல்ட்டில் திறக்கும், பின்னது 0.6 கேட்கும். ஏ.சி.128 போன்றவற்றை ஒரு காலத்தில் நம் பாரத் எலெக்ட்ரானிக்ஸே செய்தது. இன்று சென்னை ரிச்சி தெருவில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

1970-களில் வந்த சில ஆர்கன்களில் 12 ஆசிலேட்டர்களுக்குப் பதில் ஒரே ஐ.சி. உண்டு. எம்.கே.50240 என்பது 20 லட்சம் துடிப்பை 239 முதல் 478 வரையான எண்களால் வகுத்துச் சுரங்களைத் தரும். அது போனால் எல்லாமே மௌனம், உற்பத்தியும் நின்றுவிட்டது. நம்முடையது பழைய வகை என்பது நல்லதே.

ஐ.டி.ஐ. படித்த பிள்ளைகள் மூவர் முன்வந்திருக்கிறார்கள். அடுத்த ஞாயிறு திருப்பலிக்குப் பின், பிளக்கைப் பிடுங்கி, சற்று நேரம் ஆறவிட்டு மூடியைத் திறப்போம். முதல் நாள் சால்டரிங் கருவி வேண்டாம். கோடு போட்ட நோட்டும் பென்சிலும் போதும். ஸ்குரூ போட்டு வைக்க யாராவது ஒரு பிஸ்கட் டப்பா கொண்டு வாருங்கள்.