தற்காலிக வேலையும் நிரந்தர வாக்குறுதியும்

(கிளிநொச்சியிலே கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடியிருந்த கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



இன்றைய அரசியல் நிலைமை பற்றிப் பேசுமாறு எம்மை அழைத்தீர்கள். அதைப் பற்றிப் பேசவே வந்தோம். ஆயினும், மூன்று வாரங்களுக்கு முன்னர் எமது கந்தோருக்கு வந்த ஒரு தகப்பனும் மகளும் எம்மிடம் கேட்ட கேள்வி இன்னமும் எம்மை விட்டு அகலவில்லை. அந்தக் கேள்விக்குள்ளேயே எமது மக்களின் அரசியல் நிலைமை முழுவதும் அடங்கிக் கிடக்கின்றது என்பது எமது எண்ணம். ஆதலின் அதையே இன்று எடுத்துக்கொள்கின்றோம்.

தகப்பன் இரணைமடுக் குளத்தின் கீழ் மூன்று ஏக்கர் நெல் செய்பவர். மகள் உயர்தரத்தில் கணிதப் பிரிவிலே சித்தியெய்தி, பல்கலைக்கழக அனுமதிக்குச் சிறிது புள்ளி போதாமல் நின்றவர். ஆறு ஆண்டுகளாக ஒரு கிராமத்துப் பாடசாலையிலே தொண்டர் ஆசிரியையாகக் கணிதம் படிப்பிக்கின்றார். பெற்றார் சேர்ந்து மாதந்தோறும் கொடுக்கும் சிறு தொகையே அவருக்குக் கிடைப்பது. சில மாதங்களில் அதுவும் இல்லை. இப்பொழுது வவுனியாவில் ஒரு தனியார் நிறுவனத்திலே கணக்குப் பிரிவில் வேலை தருவதாகக் கடிதம் வந்திருக்கின்றது. போவதா, நிற்பதா?

தகப்பன் சொன்னார்: "ஐயா, இவ்வளவு காலம் பொறுத்தாச்சு. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் என்ன? கோறணமேந்து எப்பவோ ஒருநாள் தரத்தானே வேணும்."

மகள் சொன்னார்: "நான் போனால் அந்தப் பிள்ளையளுக்குக் கணக்குப் படிப்பிக்க ஆளில்லை. நான் நிண்டால் எங்கட வீட்டுக் கடன் கட்ட ஆளில்லை. சட்டம் என்ன சொல்லுது ஐயா?"

சட்டம் என்ன சொல்லுகின்றது என்று கேட்டவருக்கு முதலில் சட்டத்தையே சொன்னோம். அவர் செய்யும் வேலையைப் பற்றிச் சட்டம் ஒன்றுமே சொல்லவில்லை. நியமனக் கடிதம் இல்லை. சம்பளப் பட்டியலிலே பெயர் இல்லை. சேமலாப நிதி இல்லை. அவர் நாளைக்கு வரவேண்டாமென்று ஒருவர் சொன்னால், அதை எந்த மன்றிலும் எதிர்ப்பதற்கு ஒரு துண்டுக் கடதாசிதானும் அவரிடம் இல்லை.

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும்" என்பது எமது மக்களின் பழைய வாக்கு. அதைச் சொல்லி நகைப்போர் பலர். நாம் நகைக்கவில்லை. மழையை நம்பிப் பயிர் செய்த குடும்பத்திலே மாதம் தவறாமல் வரும் ஒரு சம்பளம் என்ன செய்தது என்பதை அறிவோம். தம்பியரைப் படிப்பித்தது, தங்கையரைக் கரைசேர்த்தது, கிணறு வெட்டியது. ஆனால் கோறணமேந்தின் கோழியை மேய்ப்பவன் கோறணமேந்தின் ஊழியனாக இருந்தாலன்றோ அந்த வாக்கு பொருந்தும்? கோழி அவர்களுடையது, மேய்ப்பு எம்முடையது, கூலி மட்டும் ஒருவருடையதும் அன்று என்றால், அதற்கு உத்தியோகம் என்று பெயரிடுவது எங்ஙனம்?

நிரந்தர உத்தியோகமே எத்தகையது என்பதையும் இங்கு நினைவு கூரவேண்டும். 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டத்தின் பின்னர், சிங்களத்தில் தேர்ச்சி பெறாத தமிழ் உத்தியோகத்தரின் சம்பள ஏற்றத்தை நிறுத்தும்படி 1961இல் திறைசேரி சுற்றறிக்கை விடுத்தது. எழுதுவினைஞர் சேவையைச் சேர்ந்த கோடீஸ்வரன் என்பவர் அந்தப் பரீட்சைக்குத் தோற்ற மறுத்தார். 1962இல் அவருடைய சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிபதி, மொழிச் சட்டமே அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு முரணானது, செல்லாது என்று தீர்ப்பளித்தார். 1967இல் உயர் நீதிமன்றம், அரசாங்க ஊழியன் தன் சம்பளத்துக்காக முடியின்மீது வழக்குத் தொடுக்கவே முடியாது என்று கூறி அத்தீர்ப்பைத் தள்ளியது. 1969 திசெம்பரில் இலண்டன் கோமறைக் கழகம் அதை மாற்றியது. அரசாங்க ஊழியனை முடி தன் விருப்பப்படி விலக்கலாம். ஆனால் அவன் செய்து முடித்த வேலையின் சம்பளம் அவனுக்குச் சேரவேண்டிய கடன். அதற்காக அவன் வழக்காடலாம் என்றது. மொழிச் சட்டம் செல்லுமா என்ற பெரிய கேள்வியோ மீண்டும் இலங்கை நீதிமன்றுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. அதற்கு விடை வரவேயில்லை. 1972இல் புதிய அரசியலமைப்பு வந்தது. 29ஆம் பிரிவு மறைந்தது.

ஒரு சம்பள ஏற்றத்துக்காக ஏழு ஆண்டுகளுக்கு மேல் நடந்த இவ்வழக்கைச் சட்ட மாணவர் வேறு காரணங்களுக்காகப் படிப்பர். நாம் இங்கே சுட்ட விரும்புவது ஒன்றே. கோடீஸ்வரனிடம் நியமனம் இருந்தது. சம்பளத் திட்டம் இருந்தது. ஏற்றம் இன்ன திகதியில் இன்ன தொகை என்று எழுத்திலே இருந்தது. அந்த எழுத்து இருந்தமையாலேயே அவர் ஓர் அரசாங்கத்தை இலண்டன் வரை இழுத்துச் செல்ல முடிந்தது. எமது தொண்டர் ஆசிரியைக்கு அந்த எழுத்து எங்கே?

கமக்காரருக்கு இதை நாம் விளக்கவேண்டியதில்லை. 1935இல் வந்த காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றவனும், "நீ வெட்டிச் செய், பிறகு பார்ப்போம்" என்ற வாய்ச்சொல்லை நம்பிக் காடு வெட்டியவனும் ஒரே வரம்பின் இருபுறமும் இருக்கின்றார்கள். இருவரும் சிந்திய வியர்வை ஒன்றுதான். வழக்கு வரும்போது பத்திரமுள்ளவன் கச்சேரிக்குப் போய் உரிமை கேட்கின்றான். பத்திரமில்லாதவன் இரக்கம் கேட்கின்றான். அந்தத் தகப்பனிடம் இதைச் சொன்னபோது அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப என்ரை பிள்ளை பேமிற் இல்லாத காணியிலே ஆறு வருசம் பயிர் செய்திருக்கிறாள்" என்றார். நாம் இவ்வளவு நேரம் பேசியதை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

அடுத்து, வந்த கடிதத்தைப் பார்த்தோம். ஆறு மாதம் தகுதிகாண் காலம் என்று இருந்தது. "இதுவும் தற்காலிகந்தானே?" என்று பிள்ளை கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் இரண்டு தற்காலிகமும் ஒன்றல்ல. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தனியார் நிறுவனத்திலே, பன்னிரண்டு மாத காலத்துள் 180 நாட்களுக்குக் குறையாமல் வேலை செய்த ஊழியரை, ஒழுக்காற்றுக் காரணமன்றி நீக்குவதானால், அந்த ஊழியரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அன்றேல் தொழில் ஆணையாளரின் எழுத்துமூல அனுமதி முன்கூட்டியே வேண்டும். அரசாங்கத்தை முதலாளியாகக் கொண்டோருக்கு இச்சட்டம் பொருந்தாது என்பதையும் கவனியுங்கள். அரசாங்கம் பிறருக்கு விதித்த கட்டுப்பாட்டிலிருந்து தன்னை விலக்கிக்கொண்டது.

கணக்கையும் பார்த்தோம். 45,000 ரூபா சம்பளமென்று வைத்துக்கொள்வோம். ஊழியர் சேமலாப நிதிக்குப் பிள்ளையின் பங்கு நூற்றுக்கு 8, அதாவது 3,600 ரூபா. முதலாளியின் பங்கு நூற்றுக்கு 12, அதாவது 5,400. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி தரவேண்டியது நூற்றுக்கு 3, அதாவது 1,350. பதினைந்து பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் ஐந்து ஆண்டு பூர்த்தியானால், 1983ஆம் ஆண்டின் சட்டப்படி ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடை. தானாக விலகினாலும் அது உண்டு. நாலு ஆண்டும் பத்து மாதமும் வேலை செய்துவிட்டு, மேலாளரோடு கோபித்துக்கொண்டு விலகி, அந்தப் பணத்தை இழந்தவர்களை நாம் கண்டிருக்கின்றோம். இரண்டு மாதம் கோபத்தை அடக்க முடியவில்லை!

இனி எம்மைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். சொல்லாது விட்டால் இவ்வுரை பொய்யுரையாகும்.

2013இல் வட மாகாண சபை அமைந்த காலத்திலே தொண்டர் ஆசிரியர்களைத் திரட்டியவர்களில் நாமும் இருந்தோம். வெயிலிலே அவர்களோடு நின்றோம். "விலகாதீர்கள், ஒருவர் விலகினால் எண்ணிக்கை குறையும், எண்ணிக்கை குறைந்தால் கோரிக்கை மெலியும்" என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னோம். கோரிக்கை நியாயமானது; இன்றும் நியாயமானதே. பின்னர் கட்டம் கட்டமாகச் சிலருக்கு நியமனம் கிடைத்தது. அதில் எமக்கும் மகிழ்ச்சி உண்டு. ஆனால் எமது சொல்லைக் கேட்டு நின்றவர்களில் ஓர் இளைஞருக்கு அப்பொழுதே ஒரு நல்ல வேலை காத்திருந்தது. அவர் எம்மிடம் வந்து கேட்டார். "இன்னும் ஆறு மாதம் பொறும் தம்பி" என்றோம். ஆறு மாதம் இரண்டு ஆண்டாயிற்று. நேர்முகத் தேர்விலே அவருடைய வரவுப் பதிவேட்டில் ஓராண்டுக் கையொப்பம் இல்லையென்று கழித்துவிட்டார்கள். பிறகு வயதெல்லையும் கடந்தது. இன்று அவர் வீடுகளுக்கு மாபிள் பதிக்கின்றார். அது கௌரவமான தொழில். அதில் எமக்குக் குறையில்லை. அவர் எம்மைக் கண்டால் இப்பொழுதும் சைக்கிளை விட்டு இறங்கி வணக்கம் சொல்லுகின்றார். அந்த வணக்கம்தான் எம்மால் தாங்க முடியாதது.

ஓர் இயக்கத்துக்கு எண்ணிக்கை வேண்டும் என்பது உண்மை. அந்த எண்ணிக்கை ஒருவருடைய இளமையிலிருந்து எடுக்கப்படுகின்றது என்பதை அன்று நாம் எண்ணிப் பார்க்கவில்லை. ஆதலின் அந்தப் பிள்ளையிடம் தெளிவாகச் சொன்னோம்: "போங்கள் பிள்ளை. உங்கள் பெயர் பட்டியலில் இல்லாவிட்டாலும் கோரிக்கையை நாம் நடத்துவோம்."

இந்தக் குடும்பம் காத்திருக்க முடியாத நிலைக்கு வந்தது எப்படி என்பதும் இங்குள்ளோர் அறிந்ததே. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி ஒரே நாளில் தடுக்கப்பட்டது. அந்தப் போகத்திலே விழுந்த கடன் இன்னும் எழும்பவில்லை. 2022 செப்தெம்பரில் பணவீக்கம் நூற்றுக்கு எழுபதை எட்டிப்பிடித்தது. பெற்றார் கொடுக்கும் சிறு தொகை அப்பொழுதும் அதே தொகைதான். அவர்கள் வயலும் அதே குளத்தின் கீழ்தானே!

போவதென்று தீர்மானித்தவர் எப்படிப் போவது என்பதிலே பலர் தவறுகின்றனர். புதிய நியமனக் கடிதம் இருபக்கக் கையொப்பத்தோடு கைக்கு வரும்வரை பழைய இடத்தில் வாய் திறக்க வேண்டாம். தொண்டராக இருந்தவர், அதிபரிடமிருந்து எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை எந்த வகுப்புக்கு எந்தப் பாடம் படிப்பித்தாரென்று கடிதம் பெறவேண்டும்; சம்பவத்திரட்டில் தம் பெயர் உள்ள பக்கங்களுக்கும் வரவுப் பதிவேட்டுக்கும் பிரதி எடுத்து உறுதிப்படுத்தி வைக்கவேண்டும். நாளை ஒரு நியமனம் அறிவிக்கப்பட்டால் அதுவே ஆறு ஆண்டுக்குச் சாட்சி. புதிய முதலாளி மூலச் சான்றிதழ்களை வைத்துக்கொள்ளக் கேட்டால் கொடுக்கலாகாது, பிரதி போதும். இத்தனை ஆண்டு விலகமாட்டேன் என்று பிணை எழுதக் கேட்டால், எழுதுமுன் சட்டம் தெரிந்த ஒருவருக்குக் காட்டவேண்டும். கடல்கடந்து போகும் தம்பியருக்கு ஒரு சொல்: சுற்றுலா விசாவில் அனுப்பி அங்கே வேலை எடுத்துத் தருவோம் என்பவரை நம்பவேண்டாம், முகவருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் உண்டா என்று பணியகத்திலேயே விசாரியுங்கள்.

அந்தப் பாடசாலைப் பிள்ளைகள்? பிள்ளை கேட்ட கேள்வியின் மறுபாதி இதுதான். கணித ஆசிரியர் இல்லாத பாடசாலைக்கு ஆசிரியர் அனுப்புவது அரசாங்கத்தின் கடமை. இருபத்தைந்து வயதுப் பெண்ணொருத்தி தன் வாழ்வைக் கொடுத்து அந்தக் குறையை மூடி மறைத்தமையால், குறை இருப்பதே மேலே உள்ளோருக்குத் தெரியாமற் போயிற்று. அவர் போனபின் வெறுமையாகும் அந்தக் கதிரையை நாம் காட்டவேண்டும். வலயக் கல்விப் பணிமனைக்குப் பெற்றார் கையொப்பத்தோடு மனு எழுதியாயிற்று. இம்மாவட்டத்திலே வேறு எந்தப் பாடசாலைகளில் எந்தப் பாடத்துக்குத் தொண்டர் மட்டும் நிற்கின்றார் என்ற விபரத்தை இங்குள்ள உத்தியோகத்தர்களே எமக்குத் தரமுடியும்.

பிள்ளை தவணைப் பரீட்சை முடியும்வரை நின்று, விடைத்தாள்களையும் திருத்திக் கொடுத்துவிட்டு, அடுத்த மாதம் முதலாந் திகதி வவுனியாவிலே பொறுப்பேற்கின்றார். சனிக்கிழமைகளில் வந்து பதினோராம் வகுப்பு மாணவருக்கு மட்டும் படிப்பிப்பதாகத் தாமாகவே சொல்லியிருக்கின்றார். நாம் கேட்கவில்லை, கேட்கும் உரிமையும் எமக்கில்லை.

வேலைக் கடிதங்களைக் கையோடு கொண்டு வந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் இந்த மேசைக்கு வரலாம். இரவு எட்டு மணிவரை இருப்போம்.