கரையோடு நகர வேண்டியது



சிங்கப்பூரின் தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் உள்ள நாகூர் தர்காவைப் பார்த்திருப்பீர்கள். தென்னிந்தியாவிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் 1828க்கும் 1830க்கும் இடையில் அதைக் கட்டினார்கள். அப்போது எதிரே கடல். பாய்மரக் கப்பலில் வந்து கரையேறியவர்கள் முதலில் கைகூப்பி நின்ற தலங்களில் அதுவும் ஒன்று. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் விரிகுடாவை மண்ணிட்டுத் தூர்த்துவிட்டார்கள். இன்று அந்த வாசலில் நின்றால் அலுவலகக் கட்டடங்கள்தாம் தெரிகின்றன. பீச் ரோட்டிலும் இப்போது கடல் இல்லை.

நிலம் தேவைப்பட்டது, தூர்த்தோம். அதில் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் கரை நகரும்போது, அதில் நிற்கும் உரிமையும் கூடவே நகர வேண்டும். தானாக அது நகராது. வரைபடத்திலேயே எழுதியாக வேண்டும்.

எழுதியும் இருக்கிறோம். 1966இல் தொடங்கிய தூர்ப்புப் பணியில் பிறந்த நிலத்தின் கடலோரம் முழுவதையும் விற்றிருக்கலாம். ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா ஆக்கினோம். மரீனா பேயில் நகர மறுசீரமைப்பு ஆணையம் 3.5 கிலோமீட்டர் நடைபாதையைத் திட்டத்திலேயே வைத்தது. நீரோரக் கட்டடங்கள் தாழ்ந்திருக்க வேண்டும், உயர்ந்தவை பின்னால் நிற்க வேண்டும் என்பதும் அங்குள்ள நெறி. மரீனா பே சாண்ட்ஸைப் பாருங்கள்: கடைத்தொகுதி முன்னே, கோபுரங்கள் பின்னே. செந்தோசா கோவ் வேறு வழியில் போனது. அங்கே நீரோரம் பல வீடுகளின் கொல்லைப்புறம்.

இன்று பட்டம் பெறும் செல்வங்களே, இனி உங்கள் முறை. உயரும் கடலைத் தடுக்க, ஈஸ்ட் கோஸ்ட்டுக்கு அப்பால் ஏறத்தாழ 800 ஹெக்டேரில் ‘லாங் ஐலண்ட்’ எழுப்பும் திட்டத்தை அரசு 2023 நவம்பரில் அறிவித்தது. சுமார் 20 கிலோமீட்டர் புதிய நீரோரப் பூங்காவும் கிடைக்கும் என்றது. பெரிய வாக்குறுதி, நான் மனதார வரவேற்கிறேன். அதைக் காக்கும் பொறியாளராகவோ வழக்கறிஞராகவோ ஆசிரியராகவோ நீங்கள் இருப்பீர்கள்.

எனக்கு அளவுகோல் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் கூடுகிறார்களே, நம் தொழிலாளர் தம்பிகள், அவர்களில் ஒருவர் ஒரு வெள்ளிகூடச் செலவழிக்காமல், யாரும் எழுப்பிவிடாமல், அந்தக் கரையில் மாலை முழுவதும் உட்கார முடியுமா? இந்நகரைக் கட்டும் கைகள் அவை.

திட்ட வரைவுகள் மக்கள் பார்வைக்கு வரும்போது போய்ப் பாருங்கள். எம்ஆர்டி நிலையத்திலிருந்து நீரோரம் எத்தனை நிமிட நடை, இடையில் தனியார் வாயிற்கதவு உண்டா, பெடோக் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்கின் தாழ்வாரத்தில் நிற்கும் பாட்டிக்கு இன்று தெரியும் கடல் நாளையும் தெரியுமா என்று கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.