கல் விழுந்த இடம்: சினிமாவில் எதார்த்தமும் தத்துவமும்



நினைவுப் பேருரையில் சினிமாவைப் பேசுவதா என்று சிலர் கேட்கக்கூடும். நம்மைப் பற்றி ஊர் என்ன நினைக்க வேண்டும் என்பதைச் சினிமா சொல்லிக்கொடுக்கும் நாட்டில், அதைப் பேசித்தான் ஆக வேண்டும்.

‘எதார்த்தம்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு தத்துவம் இருக்கிறது. பிரெஞ்சு விமர்சகர் ஆந்த்ரே பஸான் அதைத் தெளிவாக முன்வைத்தார். ஓவியத்தில் ஓவியரின் கை இருக்கிறது. புகைப்படத்திலோ உலகம் தானே பதிகிறது. காட்சியைத் துண்டு துண்டாக வெட்டாமல் நீளமாகக் காட்டினால், எதைப் பார்ப்பது என்ற சுதந்திரம் பார்வையாளருக்குக் கிடைக்கும் என்றார் அவர். டி சிகாவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ (1948) அவர் கொண்டாடிய படம். அதில் நாயகனாக நடித்தவர் ஓர் ஆலைத் தொழிலாளி. இந்த மரபிடம் நாம் கற்றது அதிகம்.

ஆனாலும் நமக்கு ஒரு கேள்வி உண்டு. பார்க்கிற கண் எதார்த்தத்துக்கு வெளியிலா இருக்கிறது? கண்ணில் பட்டாலே தீட்டு என்று புதிரை வண்ணார்களைப் பகலில் நடமாட விடாத மண் இது. இங்கே பார்ப்பதும் சாதியின் செயல்தான்.

நாகராஜ் மஞ்சுளேயின் மராத்திப் படம் ‘ஃபன்ட்ரி’ (2013) இந்தக் கேள்வியைத் திரையில் எழுப்பியது. கைக்காடி மொழியில் அந்தச் சொல்லுக்குப் பன்றி என்று பொருள். தமிழ்க் காதுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். பள்ளிக்குப் பக்கத்தில் ஜப்யாவின் குடும்பம் பன்றியைத் துரத்துகிறது. ஊர் கூடி நின்று சிரிக்கிறது. பள்ளியில் தேசிய கீதம் ஒலித்ததும் துரத்தியவர்கள் அசையாமல் நிற்கிறார்கள். பிடிபட்ட பன்றியைச் சுமந்துபோகும் வழியில், சுவரில் அம்பேத்கரும் சாவித்ரிபாய் பூலேயும் ஓவியமாக இருக்கிறார்கள். பஸான் விரும்பியதுபோல எல்லாம் ஒரே காட்சிக்குள் இருக்கின்றன. பார்ப்பவர் தப்ப முடியாது.

கடைசியில் ஜப்யா ஒரு கல்லை எறிகிறான். அது கேமராவை நோக்கி வருகிறது. இருட்டில் பத்திரமாக உட்கார்ந்திருந்த நாமும் அந்த ஊரின் வேடிக்கைக் கூட்டத்தில்தான் நின்றுகொண்டிருந்தோம் என்பது அப்போது உறைக்கிறது. எதார்த்தம் அங்கே குலைந்தது என்பவர்கள் உண்டு. விடுபட்டிருந்த ஓர் ஆளை, அதாவது பார்ப்பவரை, அந்தக் கல் எதார்த்தத்துக்குள் இழுத்து வந்தது என்கிறோம் நாம்.

நாளை கேமராவோடு சேரிக்குள் நுழையப்போகும் மாணவர்களே, எதைக் காட்டப்போகிறோம் என்று கேட்பதற்கு முன்னால், யாரோடு நிற்கிறோம் என்று கேட்டுக்கொள்வோம்.

ஜெய்பீம்.