வாளியும் உறிஞ்சு லாரியும்

2017 ஜனவரி 28, அதிகாலை. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்று, எரிவாயுவை இறக்கிவிட்டுத் திரும்பிய பி.டபிள்யூ. மேப்பிள். இன்னொன்று, பெட்ரோலியச் சரக்கோடு உள்ளே வந்துகொண்டிருந்த டான் காஞ்சிபுரம். காஞ்சிபுரத்தின் உலை எண்ணெய் கடலில் கொட்டியது. எண்ணெய்க் கசிவே இல்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். பிறகு கொஞ்சம் கசிந்தது என்றார்கள். அதற்குள் எர்ணாவூர்க் கரையில் பாறைகளுக்கு நடுவே கறுப்பாகத் தேங்கிவிட்டது.

அடுத்து நடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். மீனவர்களும் கல்லூரி மாணவர்களும் வரிசையாக நின்று பிளாஸ்டிக் வாளியில் எண்ணெயை அள்ளி அள்ளிக் கைமாற்றினார்கள். செவ்வாய்க்குக் கலம் அனுப்பிய நாட்டில் வாளிதான் கிடைத்ததா என்று ஊரே கேலி பேசியது. கேலியில் நியாயம் உண்டு. ஆனால் அங்கே இயந்திரம் வராமல் இல்லை. சென்னைக் குடிநீர் வாரியத்தின் சூப்பர் சக்கர் லாரிகள் வந்தன. சாக்கடை அடைப்பை இழுத்தெடுக்கிற பெரிய லாரிகள். அவை உறிஞ்சியதில் பெரும்பகுதி கடல்நீர். எண்ணெய் கெட்டியாக இருந்த இடத்தில் குழாய் திணறியது.

காரணம் எண்ணெயின் குணத்தில் இருக்கிறது. உலை எண்ணெய் கடலில் விழுந்ததும் லேசான பாகம் ஆவியாகிவிடும். மிச்சத்தில் அலை அடித்து அடித்து நீரைக் கலந்துவிடும். ஒரு லிட்டர் எண்ணெய் மூன்று நான்கு லிட்டராகப் பெருகி, கேழ்வரகுக் களி மாதிரி இறுகிவிடும். முதல் சில மணி நேரத்தில் அது திரவம். அப்போது மிதவை வேலி போட்டு மடக்கி, ஸ்கிம்மர் என்கிற வழிப்பான் இயந்திரத்தால் மேலாக வழித்தெடுக்கலாம். இரண்டு நாள் கழித்து அதே ஸ்கிம்மரைக் கொண்டுவந்தால், மெல்லிய எண்ணெய்க்கான தட்டு வகை பயன்படாது. தூரிகையோ பட்டையோ சுழன்று ஒட்டியெடுக்கிற வகை வேண்டும். மிதவை வேலிக்கும் எல்லை உண்டு. நீரோட்டம் மணிக்கு ஒரு கடல்மைல் வேகத்தை நெருங்கினாலே எண்ணெய் வேலிக்கு அடியில் நழுவி மறுபக்கம் போய்விடும். பாறை இடுக்குக்குள் போய்விட்டால் எந்த இயந்திரத்தின் வாயும் நுழையாது. வாளி ஜெயித்தது அங்கேதான். நியாயமாக அது கடைசிக் கருவி. எண்ணூரில் முதல் கருவியாகிவிட்டது.

இதை எதிர்பார்த்து ஏற்பாடு ஏதும் இல்லையா? இருக்கிறது. கடலோரக் காவல் படை பொறுப்பில் தேசிய எண்ணெய்க் கசிவுத் திட்டம் என்று ஒன்று 1996 முதல் நடப்பில் இருக்கிறது. 700 டன் வரையிலான கசிவைச் சமாளிக்கும் சாதனங்களைத் துறைமுகங்களே வைத்திருக்க வேண்டும் என்பது அதில் உள்ள ஏற்பாடு. எண்ணூரில் கொட்டியது அதைவிடக் குறைவு. ஆக, கசிவில்லை என்று சொன்ன அந்த முதல் மணி நேரங்களில்தான் கருவித் தேர்வு கோட்டை விடப்பட்டது என்பது என் கணிப்பு. என்ன கொட்டியது, எவ்வளவு கொட்டியது என்று ஒப்புக்கொள்ளாமல் எந்தச் சாதனத்தை வரவழைப்பது? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்தபோதும் மீனவர்கள் படகில் போய்க் கையால் அள்ளினார்கள்.

கையால் என்றேனே, அந்தக் கைக்கும் சாதனம் வேண்டும். இயற்கை ரப்பர் கையுறை எண்ணெயில் ஊறினால் உப்பித் தளர்ந்துவிடும். எண்ணெய்க்கு நைட்ரைல் கையுறை. மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டால் தூசி ஓரளவு நிற்கும், ஆவி நிற்காது. கரித்தூள் பெட்டி பொருத்திய முகமூடிதான் ஆவியைப் பிடிக்கும். லட்சக்கணக்கில் இயந்திரம் வாங்குகிற இடத்தில்கூட இந்தச் சின்னச் சாமானுக்குப் பட்டியலில் இடம் கிடைப்பதில்லை.

கொடைக்கானல் கதை எண்ணூருக்கு நேர்மாறு. அங்கே அவசரம் இல்லை, ஆண்டுக்கணக்கில் பேச்சு. செயின்ட் மேரிஸ் சாலையில் இருந்த வெப்பமானித் தொழிற்சாலை, பாதரசக் கழிவு வெளியே போனது அம்பலமாகி 2001இல் மூடப்பட்டது. 2003இல் ஏறக்குறைய 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. மிஞ்சியது மண். பாதரசம் 357 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். காற்றை உறிஞ்சிய கலத்தில் அதைவிடக் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். அதனால் மண்ணை முதலில் அலசிப் பிரித்து, பாதரசம் ஒட்டியிருக்கிற பொடி மண்ணை மட்டும் அப்படிப்பட்ட கலத்தில் சுட்டு, ஆவியைக் குளிரவைத்துப் பிடிப்பது என்று திட்டம் வகுத்தார்கள்.

சண்டை வந்தது இயந்திரத்தைப் பற்றி அல்ல. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் மிஞ்சினால் போதும் என்றது ஒரு தரப்பு. சோலைக் காட்டின் உச்சியில் அது போதாது, இன்னும் குறைக்க வேண்டும் என்றார்கள் ஊர்க்காரர்களும் சூழல் ஆர்வலர்களும். அந்த ஒற்றை எண்ணை மாற்றினால் தோண்டும் ஆழம் மாறும், கலத்தின் அளவு மாறும், செலவு மாறும். சரிவில் அதிகம் தோண்டினால் மழைக்கு மண் கரைந்து பாம்பார் சோலைப் பக்கம் இறங்கிவிடும் என்ற பயம் வேறு. எது சுத்தம் என்பதை முடிவு செய்யாமல் எதைக் கொண்டு சுத்தம் செய்வது என்று டெண்டர் விடுகிற வழக்கம் நம்மிடம் நிறைய உண்டு.

இன்னொரு ஊரையும் பார்ப்போம். செஞ்சியிலிருந்து சேத்துப்பட்டு, ஆரணி, ஆற்காடு வழியே போனால் ராணிப்பேட்டை. 1995இல் மூடிய குரோமேட் ஆலையின் கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல் அங்கே குவிந்து கிடந்தது. குரோமியத்தை எரித்து அழிக்க முடியாது. அது தனிமம், சாம்பலிலும் இருக்கும். நச்சு மிகுந்த ஆறு இணைதிறன் வடிவத்தை நச்சுக் குறைந்த வடிவமாக மாற்றித்தான் அடக்கவேண்டும். போபால் ஆலையில் மிஞ்சிய 337 டன் கழிவை 2025இல் பீதம்பூர் கொண்டுபோய் எரித்தார்களே, அந்த உலை ராணிப்பேட்டைக்கு உதவாது.

சரி, செஞ்சிப் பக்கத்து வல்லத்தில் உட்கார்ந்து கேட்கிறவர்களுக்கு இதில் என்ன? கடலும் இல்லை, ஆலையும் இல்லை. ஆனால் நெல்லுக்கும் மணிலாவுக்கும் அடிக்கிற மருந்து வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. பாட்டில் உடைந்தால் நம் கை முதலில் போவது தண்ணீர்க் குடத்துக்கு. அதுதான் கூடாது. தண்ணீர் ஊற்றினால் மருந்து வாய்க்காலுக்கும் கிணற்றுக்கும் போகும். திரவ மருந்து என்றால் காய்ந்த மண்ணையோ மரத்தூளையோ மேலே கொட்டி, ஊறவிட்டு, முறத்தால் அள்ளி மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். அந்த முறத்தை மறுபடி அரிசி புடைக்க எடுக்காதீர்கள். தூள் மருந்து என்றால் காய்ந்த மண் உதவாது, தூசி பறக்கும். லேசாக ஈரமாக்கிய மண் போட்டு அள்ள வேண்டும். வீட்டில் பழைய வெப்பமானி உடைந்தால் துடைப்பம் கூடாது, பாதரசம் சிதறி இன்னும் பொடியாகும். கெட்டி அட்டையால் உருட்டி ஒன்று சேர்த்து, சொட்டு மருந்துக் குழாயால் உறிஞ்சுங்கள்.

அடுத்து, திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகக் கிருஷ்ணகிரி போகிற நெடுஞ்சாலை. அதில் ஓடுகிற டேங்கர் லாரியின் பக்கவாட்டில் ஒரு பலகை இருக்கும். பெட்ரோல் லாரி என்றால் 1203 என்று ஓர் எண், அதற்கு மேலே ‘3 ஒய் இ’ என்று ஒரு குறி. 1203 என்றால் உலகம் முழுக்கப் பெட்ரோல்தான். 3 என்றால் தீக்கு நுரை அடி. ஒய் என்றால் மூச்சுக் கருவி மாட்டிக்கொள், கழுவிவிடாதே, சாக்கடைக்குப் போகாமல் மடக்கு. இ என்றால் அக்கம்பக்கத்து ஆட்களை அப்புறப்படுத்துவதை யோசி. கந்தக அமிலம் என்றால் எண் 1830. அதன் குறி வேறு, நடவடிக்கையும் வேறு. கருவித் தேர்வு முழுதும் அந்தப் பலகையிலேயே எழுதி வைத்திருக்கிறது.

லாரி கவிழ்ந்து கிடந்தால் கிட்டே போகவேண்டாம், குடத்தோடு போகவே வேண்டாம். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் தள்ளி நின்று, தெரிகிற எண்ணைப் படித்து, 101க்குப் பேசும்போது இடத்தோடு அந்த நான்கு இலக்கத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். வண்டியில் தண்ணீரை ஏற்றுவதா நுரையை ஏற்றுவதா என்று நிலையத்திலேயே முடிவு செய்துகொண்டு கிளம்புவார்கள்.