ஒவ்வாமை அதிர்ச்சி: ஊசி போடும் அனுமதி யாருக்கு?

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

நம் மஹல்லா இளைஞர்கள் சிலர் முதலுதவிப் பயிற்சி பெற முன்வந்துள்ளனர். அவர்கள் நம்மிடம் கேட்ட வினா ஒன்றையே இன்று எடுத்துக்கொண்டோம். வலீமா விருந்தில் இறால் உண்டவருக்கோ, தோப்பில் கதண்டு கொட்டியவருக்கோ திடீரென மூச்சு அடைத்தால், பயிற்சி பெற்றவர் ஊசி போடலாமா? போட்டபின் தீங்கு நேர்ந்தால் மார்க்கத்தில் அவர் பொறுப்பாளி ஆவாரா?

ஒவ்வாமை என்றால் அரிப்பும் தடிப்பும்தான் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். கடும் ஒவ்வாமை அதிர்ச்சி அத்தகையதன்று. நாக்கு வீங்கும், குரல் கம்மும், இரைப்பு எழும், இரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரும். சில நிமிடங்களிலேயே உயிர் பிரியலாம். இதற்குரிய முதல் மருந்து அட்ரினலின். பெரியவர்களுக்கு அரை மில்லிகிராம், தொடையின் வெளிப்புறத் தசையில் போடப்படுகிறது. ஐந்து நிமிடங்களில் குணம் தெரியாவிட்டால் மீண்டும் ஒருமுறை போடுவர். அரிப்புக்குக் கொடுக்கும் மாத்திரை தடிப்பைத் தணிக்குமேயன்றி அடைத்த மூச்சைத் திறக்காது. மயங்குபவரைத் தூக்கி நிறுத்துவதும் பெரும் ஆபத்து. படுக்கவைத்துக் கால்களை உயர்த்த வேண்டும். மூச்சுத் திணறல் மிகுந்தவரை மட்டும் கால் நீட்டி உட்காரவைக்கலாம்.

இம்மருந்து விலங்கின் சுரப்பியிலிருந்து எடுக்கப்படுவதாயிற்றே என்று பெரியவர் ஒருவர் ஐயுற்றார். ஜப்பானிய அறிஞர் ஜோகிச்சி தகாமினே 1901இல் இதை உலகுக்கு அறிவித்த காலத்தில் அப்படித்தான் எடுத்தனர். இன்று ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகவே தயாரிக்கின்றனர். ஐயத்துக்கு இடமில்லை. உயிர் போகும் நிலையில் நோன்பு முறிந்துவிடுமோ என்று தயங்குவதற்கும் இடமில்லை.

இனி அனுமதிக்கு வருவோம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1999இல் இயற்றப்பட்ட சட்டம், ஆம்புலன்ஸ்களில் இம்மருந்து இருக்க வேண்டுமென்றும், அவசர மருத்துவ உதவியாளர் அதைச் செலுத்தலாமென்றும் வகுத்தது. பின்னர் தானாகச் செலுத்தும் பேனா ஊசியின் விலை ஏறிற்று. 2016இல் இரண்டு பேனாக்களின் பட்டியல் விலை 600 டாலரைத் தாண்டியது. மருந்தோ மிக மலிவானது! ஸியாட்டில் நகரைச் சேர்ந்த கிங் கவுன்டியினர் பேனாவைக் கைவிட்டு, குப்பியிலிருந்து அளவாக உறிஞ்சிப் போட அவ்வுதவியாளர்களுக்கே பயிற்சி அளித்தனர். பிரிட்டனின் சட்டம், உயிர்காக்கும் அவசரத்தில் இவ்வூசியை எவரும் போட இடமளிக்கிறது. 2017 அக்டோபர் முதல் அங்குள்ள பள்ளிக்கூடங்கள் மருத்துவரின் சீட்டின்றியே பேனா ஊசியை வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

நம் நாட்டிலும் முன்மாதிரி இருக்கிறது. தடுப்பூசிக்குப் பின் ஒவ்வாமை அதிர்ச்சி ஏற்பட்டதாக ஐயம் எழுந்தால், கிராம சுகாதார செவிலியர் வயதுக்கேற்ற அளவில் ஒருமுறை அட்ரினலின் போட்டு, உடனே மருத்துவமனைக்கு அனுப்ப மத்திய அரசின் வழிகாட்டுதல் அனுமதிக்கிறது. தடுப்பூசிக்குப் பின் வரும் அதிர்ச்சியும் கதண்டு கொட்டி வரும் அதிர்ச்சியும் உடலுக்கு ஒன்றே, மருந்தும் ஒன்றே. ஓரிடத்தில் கொடுத்த அனுமதியை, உரிய பயிற்சியோடு, மற்றோர் இடத்துக்கும் விரிக்கலாம் என்பதே நம் கருத்து.

நம் ஃபிக்ஹு நூல்கள் இதில் தெளிவாக இருக்கின்றன. மருத்துவம் அறியாதவர் மருத்துவம் பார்த்துத் தீங்கு நேர்ந்தால், அவர் ளாமின். ஈடு செய்யும் பொறுப்பு அவர் தலைமீது விழும். நல்ல எண்ணத்தில்தான் செய்தேன் என்பது அவரைப் பொறுப்பிலிருந்து விடுவிக்காது. தேர்ச்சி பெற்றவர், அனுமதியோடும் முறை தவறாமலும் செய்து, அதன்பின்னும் தீங்கு நேர்ந்தால் அவர்மீது ளமான் இல்லை. ஆகத் தேவைப்படுபவை அறிவும் அனுமதியும். நம் இளைஞர்களிடம் ஆர்வம் மட்டுமே இருக்கிறது. ஆர்வத்தை நம்பி ஒருவர் உடலில் ஊசியை ஏற்ற மார்க்கம் இடம் தரவில்லை.

2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், சாலை விபத்தில் நல்லெண்ணத்துடன் உதவுபவருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. ஆனால் அது விபத்தில் சிக்கியவருக்கு உதவுவதைப் பற்றியது மட்டுமே. விருந்துப் பந்தலில் மயங்கி வீழ்பவருக்குக் கைகொடுப்பவரை அது காக்காது. எனவே அனுமதி கிடைக்குமுன் மருந்தை வாங்கிப் பள்ளிவாசல் அலமாரியில் வைப்பதை நாம் ஏற்கமாட்டோம். பயிற்சி பெற்ற முதலுதவியாளர்களுக்கு, மருத்துவரின் மேற்பார்வையில் இவ்வூசியைப் போட அனுமதி கோரி, மாவட்ட சுகாதார அதிகாரிகளுக்கும் நம் தொகுதி சட்டமன்ற உறுப்பினருக்கும் ஜமாஅத்தின் பெயரால் மனு அளிக்க வேண்டுகிறோம். அண்டை ஊர் ஜமாஅத்தார்களையும், பிற சமயச் சகோதரர்களையும் சேர்த்துக்கொள்வது நலம். கதண்டு மஹல்லா பார்த்துக் கொட்டுவதில்லை.

அதுவரை நம் கையில் உள்ளதைச் செய்வோம். அறிகுறிகளை அறியவும், படுக்கவைக்கவும், உடனே 108ஐ அழைக்கவும் இளைஞர்கள் கற்கட்டும். மருத்துவர் எழுதிக்கொடுத்த ஊசி ஒருவரிடம் இருந்தால், அது எங்கே இருக்கிறது என்பதை அவர் வீட்டார் அனைவரும் அறிந்திருக்கட்டும். விருந்து வைப்போர், குருமாவில் முந்திரி அரைத்திருந்தால் கேட்பவரிடம் உள்ளதைச் சொல்ல வேண்டும். சமையற்காரரின் தொழில் ரகசியம் என்று அதை மறைப்பதில் என்ன பெருமை இருக்கிறதோ, நமக்கு விளங்கவில்லை!

பயிற்சிச் செலவைப் பொது நன்கொடையிலிருந்து எடுக்கலாம். ஜகாத் நிதியைத் தொடவேண்டாம். அதற்குரியவர்கள் எட்டுப் பிரிவினர் மட்டுமே. மனுவின் நகல் பள்ளிவாசல் அலுவலகத்தில் இருக்கிறது. தொழுகைக்கு வரும்போது ஒவ்வொருவரும் படித்துப் பார்த்துக் கையொப்பமிட வேண்டுகிறோம்.