ஊசியும் உயிரும்



போதைப் பழக்கத்தில் வீழ்ந்தோரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வது உலக இயல்பு. அவ்வாறு திருப்பிக்கொண்ட ஒரு நகரையும், முகங்கொடுத்துக் கேட்ட மற்றொரு நகரையும் இன்று ஒப்புநோக்குவோம்.

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் 1980-களின் தொடக்கத்தில் ஹெராயின் பரவியது. ஊசி கிடைக்காவிடில் பழக்கமும் ஒழியுமெனக் கருதினர். மருந்துக்கடைகள் விற்பனையை நிறுத்தின. காவலர் ஊசிகளைப் பறித்தனர். பழக்கமோ ஒழியவில்லை. ஓர் ஊசியைப் பலர் பகிர்ந்துகொண்டனர். குழலில் எஞ்சிய குருதியே எச்.ஐ.வி. கிருமியை ஒருவரிடமிருந்து மற்றவரிடம் சேர்த்தது. அந்நகரின் ஒரு மருத்துவ நிலையத்தில் 164 பேரைச் சோதித்து 1986-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழப் பாதிப்பேரிடம் தொற்று காணப்பட்டது.

நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமிலும் நகர் நடுவே ஒரு மருந்துக்கடை ஊசி விற்பதை நிறுத்தியது. ஹெபடைட்டிஸ் பி என்னும் கல்லீரல் நோய் பெருகுமென அஞ்சி, போதைப் பழக்கமுடையோரே தம் சங்கத்தின் வாயிலாகக் குரல் எழுப்பினர். மாநகர சுகாதாரத் துறை செவிசாய்த்தது. 1984-இல், பழைய ஊசியைத் தந்து புதியதைப் பெறும் திட்டம் பிறந்தது. துறை ஊசிகளை அளித்தது, சங்கத்தார் விநியோகித்தனர்.

“ஊசி கொடுத்தால் பழக்கம் வளராதோ?” எனச் சிலர் வினவலாம். வளர்ந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. ஊசிக்காக வருபவர் மருத்துவப் பணியாளரைச் சந்திக்கிறார். சோதனைக்கும் சிகிச்சைக்கும் வழி அறிகிறார். உயிரோடிருப்பவரே பழக்கத்தை விடவும் இயலும். உலக சுகாதார நிறுவனம் இம்முறையைப் பரிந்துரைக்கிறது. நம் தேசிய எயிட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்திலும் இது இடம்பெற்றுள்ளது.

இதை இம்மேடையில் ஏன் கூறுகிறோம்? பிறப்பின் பெயரால் ஒதுக்கப்பட்டதும், பழக்கத்தின் பெயரால் ஒதுக்கப்படுவதும் ஒன்றல்ல. ஆயினும், தீண்டத்தகாதவர் என ஒரு மனிதரைத் தள்ளிவைப்பதன் கொடுமையை நம்மினும் நன்கு அறிந்தார் யார்? ஆம்ஸ்டர்டாமில் இகழப்பட்டோர் ஒன்றுகூடிப் பேசினர். உயிர்கள் காக்கப்பட வழி பிறந்தது. சங்கமாய்த் திரள்வதன் பயனை இருபத்தைந்து ஆண்டுகளாய்க் கண்டுவரும் நமக்கு இது வியப்பன்று.

போதையை நாம் ஒருபோதும் ஆதரிக்கவில்லை. அதனின்று மாணவரைக் காப்பது நம் முதற்கடமை. எனினும் நம் தெருப் பிள்ளை ஒருவன் அதில் வீழ்ந்தால், அவனுக்குக் கதவடைக்காதீர்கள். மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவன் வீட்டுக் குழந்தைகளை இரவுப் பாடத்திலிருந்து விலக்காதீர்கள். கல்வி நமக்குத் தந்த கண் பிறர் துயரையும் காணட்டும்.