சான்றிதழ் வந்தது, கணக்கு வந்ததா?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



சில வருசம் முன்னால் மசாலாப் பொடி தயாரிக்கும் தொழில் பயிற்சிக்குப் போனேன். கடைசி நாள் ஒரு தாள் கொடுத்தாங்க. "தொழில் தொடங்கத் தன்னம்பிக்கை வந்துவிட்டதா?" என்று கேட்டிருந்தது. எல்லோரும் "ஆம்" என்று டிக் அடித்தோம். சான்றிதழ் வாங்கினோம், போட்டோ எடுத்தோம்.

குழுவில் முப்பதாயிரம் கடன் வாங்கித் தொழில் ஆரம்பித்தேன். மேட்டுப்பாளையம் ரோட்டுக் கடைகளுக்கு சாம்பார் பொடி கிலோ 300 ரூபாய்க்குக் கொடுத்தேன். மிளகாய், மல்லி, பருப்பு எல்லாம் சேர்த்து 260 ஆச்சு. நாற்பது ரூபாய் லாபம் என்று நினைத்தேன். மில்லுக்கு அரைப்புக்கூலி 20, கவரும் லேபிளும் 15, பஸ் செலவு 15. இதை நான் கூட்டவே இல்லை. கிலோவுக்குப் பத்து ரூபாய் நட்டம். என் கூலி அதில் சேரவே இல்லை. கடைகளில் நின்ற பாக்கியும் சேர்ந்து எட்டு மாசத்தில் பாதி முதல் கரைஞ்சு போச்சு. கம்மலை வைத்துத்தான் குழுக் கடனை அடைத்தேன்.

பொடி அரைக்க நல்லாக் கற்றுக்கொடுத்தாங்க. விலை போட எனக்கு வந்ததா என்று யாரும் அளந்து பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை.

போன வருசம் என் சின்ன மகள் கல்லூரியில் தொழில்முனைவு பாடம் படித்தாள். வகுப்பே சேர்ந்து கடை போட்டு நட்டப்பட்டார்கள். வீட்டுக்கு வந்து, "எனக்கு வியாபாரம் வராதும்மா" என்றாள். பாடம் வீண் என்று நினைத்தேன். அப்புறம் என் பழைய நோட்டை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு நிமிசம் பார்த்துவிட்டு, "உன் கூலி எங்கேம்மா?" என்றாள். எனக்கு எட்டு மாசத்தில் தெரியாதது அது.

நெதர்லாந்து நாட்டிலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. மாணவர்களைச் சின்னக் கம்பெனி நடத்த வைத்து, முன்னும் பின்னும் கேட்ட ஆய்வு 2010-ல் வெளிவந்தது. மாணவர்கள் தங்களைத் தாங்களே மதிப்பிட்டதில் திறமை கூடியதாகத் தெரியவில்லை. தொழில் தொடங்கும் ஆசையும் குறைந்திருந்தது. தொழிலின் கஷ்டம் புரிந்ததால் அப்படி இருக்கலாம் என்று ஆய்வு செய்தவர்களே சொன்னார்கள். அதனால் "நம்பிக்கை வந்ததா?" என்று கேட்பது மட்டும் அளவாகாது. தெரியாதவள் "ஆம்" என்பாள், தெரிந்தவள் தயங்குவாள்.

செய்கையைத்தான் பார்க்க வேணும். 1964-ல் ஆந்திராவின் காக்கிநாடா வியாபாரிகளுக்கு டேவிட் மெக்லெலண்ட் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் பயிற்சி கொடுத்தார். பிறகு அவர்கள் எவ்வளவு நேரம் உழைத்தார்கள், எவ்வளவு முதல் போட்டார்கள், எத்தனை பேருக்கு வேலை கொடுத்தார்கள் என்று பார்த்தார். பயிற்சி பெறாத வியாபாரிகளோடும் ஒப்பிட்டார். பயிற்சி பெற்றவர்கள் அதிகம் முன்னேறியிருந்தார்கள். இன்றைக்கு வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களிலும், பயிற்சி முடிந்து இரண்டு வருசம் தொடர்ந்து கவனிக்க வேணும் என்பது முறை.

நம்ம கூட்டமைப்பும் இதைச் செய்யலாம். செலவில்லை, ஒரு நோட்டுப் போதும். பயிற்சிக்கு முன்னால் ஒரு தடவை, கடைசி நாள் ஒரு தடவை, ஆறு மாசத்தில், ஒரு வருசத்தில் என்று நாலு தடவை பார்ப்போம்.

ஒன்று: ஒரு கிலோ சரக்குக்கு, தன் கூலியும் சேர்த்து, விலை போடச் சொல்லுங்க.
இரண்டு: வீட்டுப் பணமும் தொழில் பணமும் தனித்தனியா இருக்கிற நோட்டைக் காட்டச் சொல்லுங்க.
மூன்று: கடைக்காரர் கடன் கேட்டால் என்ன பதில் சொல்வாள் என்று பேசிக் காட்டச் சொல்லுங்க.
நான்கு: போன மாசம் சரக்கு நின்றுபோனதா, அதற்கு என்ன செய்தாள் என்று கேளுங்க.

பயிற்சிக்குப் போகாத ஒருத்தியிடமும் இதையே கேளுங்க. அப்போதான் பயிற்சியால் வந்தது எது, அனுபவத்தால் வந்தது எது என்று தெரியும்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேனுங்க. இந்த நோட்டைப் பார்த்து யாருக்கும் கடன் இல்லை என்று சொல்லிவிடாதீங்க. விலை போட வராதவளுக்கு மறுபடி சொல்லிக் கொடுத்துவிட்டுக் கடன் கொடுங்க. அன்றைக்கு என்னிடம் ஒருத்தர் முதல் கேள்வியைக் கேட்டிருந்தால், என் கம்மல் காதிலேயே இருந்திருக்கும்.